பிரவுணியை உமக்குத் தந்தோம்

கிளென் வேவர்லி,
6.4.1977

அன்புள்ள மச்சாளுக்கு,

வதனா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்களும் அத்தானும் சிட்னியில் புது ஃபிளாட்டுக்குப் பழகியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்கு ரெலிபோன் இணைப்பு இன்னும் வரவில்லை என்று உங்கள் தம்பி சொன்னார். அதனால் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. மகள் ரமணி இப்போதுதான் நித்திரை.

பிரவுணியைப் பற்றித்தான். "வீட்டோட வந்த நாய், வீட்டோடயே இருக்கட்டும். ஃபிளாட்டில நாய் வைக்க விடமாட்டினம்" என்று சொல்லி நீங்கள் போன அன்று, உங்கள் காருக்குப் பின்னால் சந்தி வரை ஓடியவன் அவன். இப்போது குசினியிலிருந்து பின்கதவுக்குப் போவதே பெரிய பயணம். லினோலியத்தில் பின்னங்கால்கள் விரிந்து விழுந்துவிடுகிறான். விழுந்த இடத்திலிருந்தே என்னைப் பார்க்கிறான். வாளிக் கணக்கில் தண்ணீர் குடிக்கிறான், வீடெல்லாம் ஈரம். ரமணி அதில் வழுக்கி விழாமல் இருக்க நான் துணியோடு பின்னால் திரிகிறேன்.

உங்களுடைய மிருக வைத்தியர் டொக்டர் கீனனிடம் கொண்டு போனோம். சிறுநீரகம் இரண்டும் பழுது, இடுப்பு எலும்பும் தேய்ந்துவிட்டது என்றார். சாப்பாடு என்ன என்று கேட்டார். சோறு, பருப்பு, மீன், வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டும் என்றேன். "இந்தச் சிறுநீரகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் நல்லது. மற்ற நாட்களையும் வெள்ளிக்கிழமை ஆக்கிவிடுங்கள்" என்றார்.

குளிசை தந்திருக்கிறார். அது பிரயோசனப்படாவிட்டால் ஊசி போட்டு அவனுடைய வேதனையை முடித்துவிடுவதுதான் நல்லதாம். ஆனால் அவரிடம் இருக்கும் அட்டையில் நாயின் சொந்தக்காரர் என்று அத்தானின் பெயர். அந்த ஊசிக்கு அத்தான் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். உங்கள் தம்பி, தான் அத்தானுடைய மச்சான் என்று சொல்லியும் அவர் ஏற்கவில்லை.

இப்போதே என்று நான் கேட்கவில்லை. யோசித்து எழுதுங்கள். அத்தானுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
வதனா

உ
சிட்னி,
15.4.77

அன்பு வதனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் சுகம். ரமணிக்கு என் முத்தங்கள்.

உமக்கு எல்லாவற்றுக்கும் பயம். ரமணி ஒரு தும்மல் தும்மினாலும் எனக்கு ஐந்து பக்கம் வரும். பிரவுணிக்கு வயசு போய்விட்டது, அவ்வளவுதான். எங்களுக்கு முந்தி அந்த வீட்டில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் விட்டுப் போகும்போதே அவன் குட்டி இல்லை. விழுகிற இடத்தில் பழைய சாக்கைப் போடும். சோற்றைக் குழையப் பிசைந்து கையால் தீத்தும். என்னிடம் அப்படித்தான் சாப்பிடுவான். கள்ளன், தட்டில் வைத்தால் திரும்பியும் பாரான்.

ஊசியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஜூன் விடுமுறைக்கு நாங்கள் காரில் வருவோம். இவர் நேரில் பார்த்து முடிவு சொல்வார். எட்டு வருசமாக அந்த வீட்டில் எனக்கு வாய்பேசத் துணை அவன்தான் என்று உமக்குத் தெரியும்.

தம்பி யோகனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லும்.

அன்புடன்,
விமலா மச்சாள்

கிளென் வேவர்லி,
29.5.1977

அன்புள்ள மச்சாளுக்கு,

எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

சாக்கு விரித்தேன். கையால் தீத்தினேன். ஒரு மாதம் தின்றான். இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வாயில் ஒரு நாற்றம், கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. நேற்று ரமணி தெரியாமல் அவனுடைய பின்னங்காலை மிதித்துவிட்டாள். திரும்பிக் கவ்வினான், மச்சாள். பல் சட்டையில்தான் பட்டது. உடனே தானே பயந்து மேசைக்குக் கீழே ஊர்ந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எனக்கு இரண்டு பேரையும் பார்க்க அழுகை வந்தது.

டொக்டர் கீனனிடம் மறுபடி போனோம். அவனை உட்காரச் சொல்லி அவர் ஆங்கிலத்தில் "சிற், சிற்" என்று எத்தனையோ தரம் சொன்னார். இவன் மரம்போல நின்றான். நான் "இரு" என்றேன். இருந்தான். டொக்டர் சிரித்துவிட்டார். "இத்தனை வருசமாக நான் இவனைச் செவிடன் என்றல்லவா நினைத்திருந்தேன்! இவனுக்கு ஆங்கிலம் தெரியாதா?" கிழவரிடம் பழகிய ஆங்கிலத்தையும் மறக்க வைத்த உங்கள் வளர்ப்பு என்று சொன்னேன். அந்தச் சொல்லை அட்டையின் மூலையில் எழுதி வைத்துக்கொண்டு, "இறு, இறு" என்று சொல்லிப் பார்த்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார், குளிசையால் இனி ஒன்றும் ஆகாது, இவன் ஒவ்வொரு நாளும் வேதனையோடுதான் எழும்புகிறான் என்று. ஜூன் வரை வைத்திருப்பது சரியா என்று கேட்டேன். "அதை நாயிடம் கேளுங்கள்" என்றார்.

அத்தானுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று நானே ஆங்கிலத்தில் சம்மதக் கடிதத்தை எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போதும். அடுத்த தபாலிலேயே அனுப்புங்கள்.

வதனா

உ
சிட்னி,
20.6.77

அன்பு வதனாவுக்கு,

சுகம். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம்.

ஜூனில் வர முடியாமல் இருக்கிறது. எனக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, காரில் தூரப் பயணம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பெரிதாக ஒன்றும் இல்லை. யோகனுக்கு எழுதிப் பயப்படுத்த வேண்டாம்.

ரமணியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும். அம்மா அனுப்பிய நல்லூர் விபூதி கொஞ்சம் இதற்குள் வைத்திருக்கிறேன். அவளுக்கும் பூசும், பிரவுணியின் நெற்றியிலும் பூசிவிடும்.

கொஞ்சம் பொறும்.

விமலா

கிளென் வேவர்லி,
25.7.1977

மச்சாளுக்கு,

நான் கேட்டது விபூதி அல்ல, ஒரு கையெழுத்து.

ரமணியின் முகத்தில் தையல் போட்டிருக்கிறது. கண்ணுக்குக் கீழே. சனிக்கிழமை காலை, நான் அடுப்பில் பாலைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில், தன்னுடைய பிஸ்கற்றில் பாதியை அவனுக்குத் தீத்தப் போயிருக்கிறாள். கண் தெரியாதவன், சத்தம் கேட்டுக் கடித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி, "கொஞ்சம் மேலே பட்டிருந்தால்" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லவில்லை.

இப்போது அவனை உடுப்புத் தோய்க்கும் லோன்றிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். எழும்ப முடியாமல் தன்னுடைய ஈரத்திலேயே கிடக்கிறான். துடைத்துவிடப் போனால் முனகுகிறான், ஆனாலும் வாலை ஆட்டப் பார்க்கிறான். வெளியே ரமணி, "பவுணி, பவுணி" என்று கதவைத் தட்டுகிறாள். நான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். உங்கள் தம்பியிடம் சொன்னால், "அக்காவை நெருக்காதையும், அவ யோசிச்சு எழுதுவா" என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறார். டொக்டர் கீனன் நேற்று என்னிடம், சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்.

உங்களுக்கு அவன் துணையாக இருந்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் துணையை இப்படிச் சித்திரவதை செய்வதற்குப் பெயர் அன்பு இல்லை. நீங்கள் ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்க மாட்டீர்கள்.

வதனா

உ
சிட்னி,
10.8.77

அன்பு வதனாவுக்கு,

ரமணியின் காயம் ஆறிவிட்டதா? முதலில் அதை எழுதும். தையலுக்கு மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளும்.

உமது கடைசி வரியை இவருக்கு நான் காட்டவில்லை.

நான் நாலு மாதம், வதனா. ஊரில் அம்மாவுக்குக்கூட இன்னும் எழுதவில்லை. முதல் இரண்டும் தங்காமல் போனது உமக்குத் தெரியும். இரண்டாவது எப்படிப் போனது என்று தெரியாது. நீர் இப்போது இருக்கிற அதே வீட்டில்தான். ஓடைப் பக்கமிருந்து பின்வளவுக்குள் ஒரு பாம்பு வந்தது. பிரவுணிதான் குரைத்துக் காட்டினவன். இவர் மண்வெட்டியால் அடித்தார். அந்தக் கிழமையே எனக்கு எல்லாம் முடிந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினார். அம்மாவுக்கு எழுதியபோது அவ திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. "மாப்பிள்ளை ஏதும் உயிரைக் கொன்றவரோ?"

பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருசன் ஓர் உயிரையும் எடுக்கக் கூடாது என்பதை நான் உமக்குச் சொல்லத் தேவையில்லை. நீர் ரமணியோடு இருந்த மாதங்களில் யோகன் எலிப்பொறி வைக்க மாட்டேன் என்று நின்றதையும், எலி உமது கம்பளிச் சட்டையைத் தின்றதையும் நீர்தான் எழுதிச் சிரித்தீர்.

நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. நானும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள்தான். உமது சம்மதக் கடிதம் வந்த நாளில் எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. இவரிடம் கொடுத்தேன். பேனையை எடுத்தார். பிறகு மூடியைப் போட்டுவிட்டு, "நீ சொல்லு, போடுறன்" என்றார். நான் கடிதத்தை மடித்தேன். கடிதம் மேசை லாச்சியில் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த லாச்சியைத் திறக்காமல் அதைத் தாண்டிப் போகிறேன். அங்கே அவன் கிடக்கிற கோலம் எனக்குத் தெரியாமல் இல்லை.

யோகனுக்குச் சொல்ல வேண்டாம். ஒருவருக்கும் வேண்டாம்.

விமலா

கிளென் வேவர்லி,
15.8.1977

என் அன்பு மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். படி ஏற வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், பின்னேரத்தில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுங்கள். ரமணியின் தையல் வெட்டியாகிவிட்டது. தழும்பு மெல்லிய கோடுதான்.

அந்த வரியை எழுதிய கடிதத்தைப் போட்டவுடனேயே தபால்பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் போகவில்லை. வேறு என்ன எழுதுவது? நேரில் வந்தால் உங்கள் காலடியில் இருப்பேன்.

மூன்று நாளாக ஒன்றையே யோசிக்கிறேன். சொல்கிறேன், கோபிக்காமல் கேளுங்கள்.

பிரவுணியை எனக்குத் தந்துவிடுங்கள்.

சம்மதக் கடிதம் வேண்டாம். அதைக் கிழித்துப் போடுங்கள். அத்தான் எழுத வேண்டியது, நாயை இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும். கொடுப்பதில் யாருக்கும் ஒரு குற்றமும் இல்லை. டொக்டர் கீனனிடம் கேட்டுவிட்டேன். கொடுத்ததை எழுத்தில் காட்டினால் அட்டையில் பெயரை மாற்றுவாராம். அதற்குப் பிறகு அவன் என்னுடைய நாய். அவனுக்கு நான் சோறு போடுவதும் வேறு எதுவும் செய்வதும் என்னுடைய பாடு. நீங்கள் சொல்லவும் இல்லை, அத்தான் செய்யவும் இல்லை.

உங்கள் தம்பிக்கு வேண்டாம், எனக்கு. அவர் உங்கள் இரத்தம். நான் வெளியிலிருந்து வந்தவள். இதற்கு நான்தான் சரி.

அக்காவுக்கு என்ன என்று அவர் கேட்டார். இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் வதனா

உ
சிட்னி,
30.8.77

அன்பு வதனாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். குழந்தை அசைகிறது.

இதற்குள் இருக்கும் துண்டை டொக்டரிடம் கொடும். இவர் தன் கையால் எழுதியது. ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, கீழே தமிழிலும் எழுத வேண்டும் என்று நின்றார். "எங்கள் வீட்டு நாய் பிரவுணியை மனமுவந்து உமக்குத் தந்தோம். இனி அவன் உம்முடையவன்." கையெழுத்துப் போடும்போது பேனை நிற்கவில்லை.

இடது காதுக்குப் பின்னால் அவனுக்கு ஒரு கட்டி இருக்கும். அதைச் சுற்றித் தடவினால் கண்ணை மூடுவான். இடி முழங்கினால் பயம்.

இனி அவனைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம். நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். நானும் கேட்க மாட்டேன். எனக்குத் தெரிந்தால் என் வயிற்றுக்கும் தெரிந்துவிடும். குழந்தை பிறக்கட்டும்.

விமலா

கிளென் வேவர்லி,
22.9.1977

அன்புள்ள மச்சாளுக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகமே வேண்டும். வசந்தம் வந்துவிட்டது என்கிறார்கள், ஆனால் இன்னும் ஹீற்றரை அணைக்க முடியவில்லை. முன்வீட்டு மரம் முழுக்க மஞ்சள் பூ. உங்கள் தம்பிக்கு வேலையில் புது மேலதிகாரி, அவரைப் பற்றியே பேச்சு.

ரமணி "போட்டு வாறன்" சொல்லப் பழகியிருக்கிறாள். கதவைக் கண்டாலும் சொல்கிறாள், கதிரையைக் கண்டாலும் சொல்கிறாள். கையை ஆட்டி ஆட்டி நாள் முழுக்க அதுதான்.

எனக்குக் காலையில் சாப்பாடு பிடிக்கவில்லை. தேத்தண்ணீர் மணமே ஆகாமல் இருக்கிறது. இந்தக் குளிர்தான் காரணமாக இருக்கும். அதிகம் எழுத முடியவில்லை.

உங்களுக்கு என்ன தின்ன ஆசை என்று எழுதுங்கள். தேசிக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், பார்சலில் வரும்.

வதனா

உ
சிட்னி,
2.2.78

அன்பு வதனாவுக்கு,

ஜனவரி பதினேழாம் தேதி ஆண் குழந்தை. யோகனுக்குத் தந்தி கிடைத்திருக்கும். நான் எழும்பி உட்கார்ந்து எழுதுகிற முதல் கடிதம் இது. சத்தம் போட்டு அழுகிறான். பக்கத்து ஃபிளாட்காரர் சுவரில் தட்டுகிறார்கள், இவர் திருப்பித் தட்டுகிறார். இவ்வளவு துணிச்சல் இந்த மனுசனுக்கு எங்கிருந்து வந்தது?

பொங்கலுக்கும் நீர் வரவில்லை, பிள்ளையைப் பார்க்கவும் வரவில்லை. யோகனும் கடிதத்தில் மழுப்புகிறான். என் மேல் ஏதும் மனக்குறையா?

இனிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஐந்து மாதமாக வாயைக் கட்டி வைத்திருந்தேன். இப்போது சொல்லும். அவன் எப்படிப் போனான்? பயந்தானா? யார் பக்கத்தில் நின்றது?

விமலா

கிளென் வேவர்லி,
9.2.1978

அன்புள்ள மச்சாளுக்கு,

பிள்ளையும் நீங்களும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும். தந்தி வந்த அன்று உங்கள் தம்பி வேலைக்கும் போகாமல், தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். ரமணி "தம்பி, தம்பி" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்கிறாள். மனக்குறை ஒன்றும் இல்லை. அப்படி நினைக்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்று மேசையில் கிடத்தப் போனபோது அவன் முன்னங்காலை ஊன்றிக்கொண்டு படுக்க மறுத்தான். டொக்டர் கீனன் அட்டையின் மூலையைப் பார்த்துவிட்டு, குனிந்து, அவனுடைய காதுக்குள் "இரு" என்றார். இந்த முறை சரியாகச் சொன்னார். பிரவுணி இருந்தான். நான் கட்டியைச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தேன்.

மிச்சத்தை இப்போது கேட்காதீர்கள், மச்சாள். மே மாதக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு அப்போதுதான் நாள். உங்கள் தம்பியிடம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்தான்.

வதனா

உ
சிட்னி,
16.2.78

என் வதனாவுக்கு,

நல்ல சுகமாக இரும். இந்த ஒரு வரியை இந்த முறை வெறும் வழக்கத்துக்கு எழுதவில்லை.

உமது கடிதத்தைக் குசினியில் நின்றபடியே வாசித்தேன். மே மாதத்திலிருந்து விரலால் பின்னுக்கு எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு உமது செப்ரெம்பர்க் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். தேத்தண்ணீர் மணம் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர். நான் அதை வாசித்துவிட்டு ஊறுகாயைப் பற்றிப் பதில் எழுதியவள்.

அன்று அந்த மேசையடியில் நிற்கும்போது உமக்குத் தெரிந்திருந்ததா?

வேண்டாம், எழுத வேண்டாம். அதையும் மே மாதம் சொல்லும்.

இவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டுப் பல்கனியில் போய் நின்றார். பிள்ளை அழுதும் உள்ளே வரவில்லை. வந்தபோது, "அந்தத் துண்டை நான் எழுதியிருக்கக் கூடாது" என்றார். நான், "அவள் கேட்டு வாங்கினவள்" என்றேன். சாமிப் படத்துக்கு முன்னால் இனி ஒவ்வொரு நாளும் இரண்டு விளக்கு.

போன வருசம் உமக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று எழுதினேன். அந்தக் கடிதம் இருந்தால் அந்த வரியை வெட்டிவிடும்.

நீர் என்னைக் கேட்காமல் காத்திருந்தீர். இந்த முறை நான். மே முடியும் வரை பிரவுணியின் பேர் என் கடிதத்தில் வராது. சாப்பிட்டீரா, நித்திரை கொண்டீரா, குழந்தை அசைகிறதா, இவ்வளவும்தான் கேட்பேன்.

நேற்று ரெலிபோன் வந்துவிட்டது. இலக்கத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எந்த நேரமும் எடும். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாலும், அது நீர்தான் என்று எனக்குத் தெரியும். நானும் பேசாமல் நிற்பேன்.

உம்முடைய
விமலா